முன்னறைச் சத்தம்

மார்ச் பதினொன்றாம் தேதி, புதன்கிழமை, நண்பகலுக்குச் சற்று முன்னால், இரண்டாம் மாடி வீடு ஒன்றின் முன்னறையில் ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர் ஒருவர் கட்டிலில் சாய்ந்தபடியே இறந்தார். எதிர்ச்சுவரில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய மகள் பக்கத்து அறையில் வேலையில் இருந்தாள்.

மருத்துவர் வந்து பார்த்து, கையெழுத்துப் போட்டுவிட்டுப் படியிறங்கியபோது, பகலில் வந்து அவரைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸக்கா இறந்தவரின் இடது கை விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார். உள்ளங்கையில் ரிமோட் இருந்தது. கட்டைவிரல் ஏதோ ஒரு பொத்தானின் மேல் மடங்கியிருந்தது. எந்தப் பொத்தான் என்று பார்க்காமல் மகள் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"விடுங்கய்யா, விடுங்க. இனி எதுக்கு இது," என்று நர்ஸக்கா அவரிடமே கேட்டுக்கொண்டு ரிமோட்டை எடுத்து ஜன்னலோரம் வைத்தார்.

டிவியில் மலைப்பாதை ஒன்றில் ஒரு பேருந்து போய்க்கொண்டிருந்தது. முன்கண்ணாடிக்குள்ளிருந்து எடுத்த படம். வளைவுகள் வந்தன, எதிரே லாரி வந்தது, ஒதுங்கியது. எதற்கும் சத்தம் இல்லை.

"அதை நிறுத்திடும்மா. பார்க்க ஒரு மாதிரியா இருக்கு."

மகள் ஜன்னலோரம் போகவில்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துத் தொட்டாள். திரை கறுத்தது. நர்ஸக்கா போனைப் பார்த்தார், பிறகு அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு போர்வையை இழுத்துச் சரிசெய்தார்.

வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். ஐந்து வயதில் செய்த சேட்டைக்கு அப்பா வைத்தது. முப்பத்தெட்டு வயதாகி, கல்யாணமாகி, அது முறிந்து, திரும்பி வந்து அப்பாவோடு இருக்கத் தொடங்கிய பிறகும் அதுதான் பெயர். அலுவலக அடையாள அட்டையில் இருந்த பெயரை வீட்டுக்குள் யாரும் சொன்னதில்லை.

அவளுக்கு வாடிக்கையாளர் சேவையில் வேலை. டிவியோடு இணைத்துப் படமும் பாட்டும் பார்க்கிற சின்னப் பெட்டி ஒன்றை விற்கும் நிறுவனம். வீட்டிலிருந்தே, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பேச வேண்டும். வருகிற அழைப்புகளில் பாதி ரிமோட்டைப் பற்றியவை. ரிமோட் தொலைந்துவிட்டது, நாய் கடித்துவிட்டது, மருமகள் எங்கோ ஒளித்துவைத்துவிட்டாள். எல்லோருக்கும் ஒரே பதிலைத்தான் அவள் சொல்வாள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

"கவலைப்படாதீங்க சார். உங்க போனையே ரிமோட்டா வெச்சுக்கலாம். போனும் பெட்டியும் ஒரே வைஃபையில இருக்கணும், அவ்வளவுதான். டிவிக்கு நேரா நீட்ட வேண்டியதில்ல. பக்கத்து ரூம்ல உட்கார்ந்துக்கிட்டே மாத்தலாம். ஆப்ல உங்க பேரைப் போட்டுக்குங்க, அப்பத்தான் யாரு மாத்துறாங்கன்னு வீட்டுல சண்டை வராது."

கடைசி வரிக்குப் பெரும்பாலும் சிரிப்பார்கள். எழுதிக் கொடுத்த வசனத்தில் அது கிடையாது, அவளே சேர்த்துக்கொண்டது.

வேலையில் மன்னிக்கவே முடியாத குற்றம் ஒன்று உண்டு. பின்னணிச் சத்தம். அழைப்பு எல்லாமே பதிவாகும். பதிவைக் கேட்டு மதிப்பெண் போடுகிறவர்கள் இருந்தார்கள். மேற்பார்வையாளர் ஒருமுறை அவளை அழைத்து, "உங்க வீட்டுக்குள்ள பஸ் ஸ்டாண்ட் ஏதாவது இருக்குதுங்களா?" என்று கேட்டார். கேலியாகத்தான் கேட்டார். அடுத்த முறை எழுத்தில் வந்தது.

பஸ் ஸ்டாண்ட் இருக்கத்தான் செய்தது. பக்கவாதம் வந்து வலப்பக்கமும் பேச்சும் போன பிறகு, அப்பாவுக்குச் செய்திகள் பிடிக்கவில்லை, படங்கள் பிடிக்கவில்லை. யாரோ ஊர் ஊராகப் பேருந்தின் முன்னிருக்கையில் உட்கார்ந்து எடுத்துப் போட்ட காணொளிகள்தான் பிடித்தன. மணிக்கணக்காக ஓடும். இன்ஜின் உறுமல், கியர் மாறும் சத்தம், ஹார்ன். டிரைவர் தவறாக முந்தினால் அப்பாவின் இடது கை கட்டில் சட்டத்தில் தட்டும். கீழ்வீட்டுக்காரர் மாதத்துக்கு ஒருமுறை ஏறிவந்து, "சார், ராத்திரி சர்வீஸாவது நிறுத்தி வையுங்க," என்று சொல்லிவிட்டுப் போவார்.

கூப்பிட வேண்டுமென்றால் அடிக்கட்டும் என்று அண்ணன் ஒரு மேசை மணி வாங்கி அனுப்பியிருந்தான். அப்பா அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பூனையின் கழுத்தில் கட்டச் சொல்லிச் சைகை காட்டினார். வீட்டில் பூனை கிடையாது. மணி அலமாரிக்குப் போனது. பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். வேலைக்காலம் முழுக்க விசிலில் பேசியவர். ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு விசில் என்றால் போகலாம். இப்போது விசிலுக்குப் பதில் ரிமோட். டிவி சத்தம் ஒருமுறை உச்சத்துக்கு ஏறி நின்றால், வா. ஏறி, இறங்கி, மறுபடி ஏறினால், ஒன்றுமில்லை, உன் வேலையைப் பார்.

அந்த இரண்டாவதை அவர் சும்மாவே செய்வார். நல்ல வளைவு ஒன்று வந்தால் செய்வார். வாலு முதல் உறுமலுக்கு எழுந்து பாதி தூரம் ஓடியிருப்பாள், இரண்டாவது கேட்கும். "அப்பா, என்னை வெச்சு ட்ரில் எடுக்குறீங்களா?" என்று கத்துவாள். அவர் பாதி முகத்தால் சிரிப்பார்.

எழுத்தில் எச்சரிக்கை வந்த பிறகுதான் அவள் தன் போனிலும் அந்த ஆப்பை இறக்கினாள். ரிமோட் அடிக்கடி கட்டிலுக்கடியில் விழுகிறது, அதற்காக என்று நர்ஸக்காவிடம் சொன்னாள். அது உண்மையும்தான். ஆனால் பெரும்பாலும் அது அவளுடைய அறையில்தான் பயன்பட்டது. முன்னறையில் சத்தம் ஏறும். கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல், பேச்சை நிறுத்தாமல், மேசைமேல் கிடக்கும் போனில் கட்டைவிரலால் கீழ்நோக்கி ஒரு இழுப்பு. சத்தம் போய்விடும். அவருக்கு ஏதாவது வேண்டுமென்றால் நர்ஸக்கா இருக்கிறாரே என்று நினைத்துக்கொள்வாள். நர்ஸக்கா காலை வந்தால் மாலைவரை இருப்பார். நர்ஸ் படிப்பு படித்தவர் இல்லை, ஏஜென்சி அனுப்பிய உதவியாள். ஆனால் படித்தவர்களுக்கு வராத பொறுமை வரும் என்று அப்பாவின் பழைய டிரைவர் நண்பர் ஒருவர் சொல்வார்.

புதன்கிழமை காலை நர்ஸக்கா தயங்கித் தயங்கி வந்து நின்றார். மகளுடைய பள்ளியில் டீச்சர் கூப்பிட்டிருக்கிறார், பன்னிரண்டுக்குள் வந்துவிடுவேன் என்றார்.

"போயிட்டு வாங்கக்கா. நான்தான் இருக்கேன்ல."

அதற்குப் பிறகு வந்த அழைப்புகளில் ஒன்று ஒரு பெரியவருடையது. ரிமோட்டில் ஒலி கூட்டும் பொத்தான் உடைந்துவிட்டதாம். வாலு அவரைப் பொறுமையாக ஒவ்வொரு படியாக நடத்திச் சென்றாள். ஆப் இறங்கியது, பெட்டியைக் கண்டுபிடித்தது, பெயர் போட்டாயிற்று.

"இப்ப போன்ல மேல்பக்கமா தள்ளுங்க சார். சத்தம் கூடுதா?"

அதே நேரம் முன்னறையில் இன்ஜின் உறுமியது.

"கூடுதும்மா, கூடுது!" பெரியவர் குழந்தைபோலக் கூவினார். "ஆனா இது என்ன, நான் நியூஸ் பாக்குறேன், பஸ் சத்தம் கேக்குது?"

அவள் கட்டைவிரல் இறங்கியது. முன்னறை அடங்கியது. "லைன்ல ஏதோ இரைச்சல் சார். இப்ப குறைச்சுப் பாருங்க."

பெரியவர் குறைத்தார். முன்னறையில் மறுபடி உறுமல். அவள் மறுபடி இழுத்தாள். ட்ரில் எடுக்கிறார், என்று நினைத்தாள். மறுபடி ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு அடிவரை இழுத்து விட்டாள். அது இன்னொரு முறை ஏற முயன்றது, பாதியில் நின்றது. பிறகு ஒன்றும் இல்லை.

"நல்லா இருப்பீங்கம்மா," என்று சொல்லிப் பெரியவர் வைத்தார். அவள் அடுத்த அழைப்பை எடுத்தாள். அதற்கும் அடுத்ததை எடுத்தாள். கதவைத் தட்டாமல் திறந்துகொண்டு நர்ஸக்கா வந்து நின்றபோது, "ஒரு நிமிஷம் லைன்ல இருங்க சார்," என்றுதான் அவள் சொன்னாள்.

அண்ணன் மாலை வந்தான். ஆறு மணி நேரப் பயணம். அவன் கணக்குத் தணிக்கையாளன். கடைசியாக வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றியவன் உள்ளே வராமல் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றான். பிறகு வந்து கட்டிலின் காலடியில் உட்கார்ந்து அப்பாவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டான். அழவில்லை. வாலுவிடம் கேட்டான்.

"அப்பா உன்னைக் கூப்பிடலையா?"

"இல்ல."

"டிவி சத்தம் வெப்பாரே."

"வைக்கல."

"வெச்சிருந்தா உனக்குக் கேட்டிருக்கும்."

"கேட்டிருக்கும்," என்றாள்.

கீழ்வீட்டுக்காரர் ஏறிவந்து கைகட்டி நின்றார். அவர் முகத்தில் குற்ற உணர்வு இருந்தது. "எத்தனை தடவை வந்து சண்டை போட்டிருக்கேன்," என்றார். "இன்னைக்குக் காலையில திடீர்னு சத்தமே இல்ல. என் வீட்டுக்காரிகிட்டகூட சொன்னேன், பெரியவர் இன்னைக்கு நல்லாத் தூங்குறார் போலன்னு. நிம்மதியா போயிருக்கார் சார். ஒரு சின்னச் சத்தம்கூட இல்லாம."

வந்தவர்கள் எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அமைதியான சாவு. பிடித்ததைப் பார்த்துக்கொண்டே போய்விட்டார். கொடுத்துவைத்த மனிதர். வாசலுக்கும் கட்டிலுக்கும் இடையில் ஒவ்வொரு வாயாக அது வளர்ந்தது. இரவுக்குள் அப்பா டிவியைத் தானே மெதுவாக வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டுவிட்டிருந்தார். சொன்னவர்கள் வாலுவின் தோளைத் தட்டிக்கொடுத்தார்கள். நீ கூடவே இருந்தாயே, அது போதும் என்றார்கள். அவள் தலையாட்டினாள்.

வியாழக்கிழமை எடுத்துப்போய் எரித்துவிட்டுத் திரும்பினார்கள்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே அண்ணன் தன் தொழிலைத் தொடங்கிவிட்டான். எங்கே தவறு என்று கண்டுபிடிக்காமல் எதையும் மூடத் தெரியாதவன். மாத்திரைகளைப் பார்த்தான், மருத்துவரிடம் பேசினான். உடனே யாராவது பார்த்திருந்தால் ஒருவேளை, என்று மருத்துவர் இழுத்திருக்கிறார். அந்த ஒருவேளை அவனுக்குப் போதுமானதாக இருந்தது. நர்ஸக்கா தன் சாப்பாட்டு டப்பாவையும் மாற்றுத் துணிகளையும் எடுத்துப்போக வந்தபோது சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தபடியே கேட்டான்.

"அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"பொண்ணு ஸ்கூலுக்குப் போயிருந்தேன் சார். வாலும்மாகிட்ட சொல்லிட்டுத்தான் போனேன்."

"நான்தாண்ணே போகச் சொன்னேன்," என்றாள் வாலு.

"நீ சும்மா இரு. உனக்கு வேலை. காதுல மாட்டிக்கிட்டா நீ வீட்டுல இல்லாத மாதிரிதான், அது எனக்கும் தெரியும். அதுக்குத்தானே ஆள் போட்டது?" நர்ஸக்கா பக்கம் திரும்பினான். "ஏஜென்சிகிட்ட சொன்னீங்களா? மாத்து ஆள் வந்தாங்களா?"

"இல்ல சார்."

"அப்புறம் என்ன," என்றான்.

நர்ஸக்கா அடுக்களைக்குள் போனார். வாலு பின்னாலேயே போனாள். காய்ந்திருந்த டப்பாவை நர்ஸக்கா தேய்க்கத் தொடங்கினார்.

"நான் அண்ணன்கிட்ட பேசுறேன்கா."

"என்னன்னு பேசுவீங்க?"

குழாய் ஓடியது.

"அன்னைக்கு டிவியை நிறுத்தச் சொன்னப்ப, நீங்க போன்ல நிறுத்துனீங்க," என்றார் நர்ஸக்கா, டப்பாவைப் பார்த்தபடி. "திரையில மேல் மூலையில பேரு வந்துச்சு. எப்பவும் வரும். சத்தம் தானா குறையும்போதெல்லாம் வரும். வாலுன்னு."

வாலு மேடையைப் பிடித்துக்கொண்டாள். பெயரைப் போட்டது அவள்தான். ஆயிரம் பேருக்குச் சொல்லிக்கொடுத்த வரி. முன்னறையில் நின்றுகொண்டு ஒருநாளும் அவள் சத்தத்தைக் குறைத்ததில்லை. அந்தப் பெயர் எங்கே, யார் கண்ணுக்கு முன்னால் வரும் என்று நினைத்துப் பார்த்ததும் இல்லை.

"அப்பா அதைப் பார்ப்பாரா?"

"பின்ன? கண்ணு ரெண்டும் நல்லாத்தானே இருந்துச்சு." நர்ஸக்கா ஈரக் கையை உதறிவிட்டு இடது உள்ளங்கையால் காதை மூடிக் காட்டினார். "பேரு வந்ததும் என்னைப் பார்த்து இப்படிக் காட்டுவார். பொண்ணு போன்ல இருக்காளாம். ரிமோட்டை மடியில வெச்சுட்டுக் கம்முனு ஆயிடுவார். உதட்டுல விரல் வெச்சு என்னையும் பேசாதேம்பார். பெரிய ஆபீசருக்கு பி.ஏ. மாதிரி."

"கோபமே படமாட்டாரா?"

"அட, எங்கேம்மா கோபம். பெருமைதான்."

"மறுபடி சத்தம் வைக்க மாட்டாரா?"

"ஒருநாளும் வெச்சதில்ல. பேரைப் பார்த்துட்டா அதோட சரி."

நர்ஸக்கா குழாயை மூடினார். புதன்கிழமை பெயர் வந்த பிறகும் அப்பா சத்தத்தை ஏற்றினார். மறுபடி பெயர் வந்தது. அதன் பிறகும் ஏற்றினார்.

அவள் முகத்தைப் பார்த்த நர்ஸக்காவுக்கு ஏதோ பிடிபட்டிருக்க வேண்டும். கையிலிருந்த மூடியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். "நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்," என்றார், மெதுவாக. "பெத்தவரைப் பறிகொடுத்துட்டு நிக்கிறீங்க. அண்ணன் திட்டினா திட்டட்டும். எனக்கென்ன, இந்த வீடு இல்லன்னா இன்னொரு வீடு."

அது அப்படியில்லை என்று வாலுவுக்குத் தெரியும். அண்ணன் ஏஜென்சியில் புகார் கொடுப்பான்; புகார் என்பது திட்டு அல்ல. பதிவானதும் அதற்கு ஒரு எண் விழும். எண் விழுந்துவிட்டால் அது அந்த ஆளின் பெயரோடு ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு வாசலுக்கும் முன்னால் போய் நிற்கும். முடித்து வைப்பார்கள், அழிக்கமாட்டார்கள். தினமும் அவளே எத்தனையோ எண்களை விழவைத்திருக்கிறாள்.

மேசையிலிருந்து அண்ணனின் குரல் கேட்டது. ஏஜென்சிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்திருந்தான்.

"வணக்கம் சார், நான் உங்களுக்கு எப்படி உதவலாம்?" இளைஞன் ஒருவனின் குரல். வாலுவுக்கு அந்தக் குரலைத் தெரியாது. ஆனால் வார்த்தைக்கு வார்த்தை தெரியும்.

அண்ணன் நர்ஸக்காவின் பெயரைச் சொன்னான், தேதியைச் சொன்னான்.

"புகார் என்ன வகைன்னு சொல்லுங்க சார். நடத்தையா, கவனக்குறைவா?"

"கவனக்குறைவு."

"அதனால நோயாளிக்கு ஏதாவது பாதிப்பு ஆச்சா சார்?"

"இறந்துட்டார்."

"ரொம்ப வருத்தமா இருக்கு சார்," என்றான். அது எழுதிக் கொடுத்தது. பிறகு, "எங்கப்பா வயசு இருக்குமா சார் அவருக்கு?" என்றான். அது எழுதிக் கொடுத்ததாக இருக்காது. "புகாரைப் பதிவு பண்ணிடலாமா?"

"பண்ணாதீங்க, தம்பி," என்றாள் வாலு. அடுக்களையிலிருந்து எப்போது வந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"வாலு," என்றான் அண்ணன்.

"யாருங்க பேசுறது?" என்றான் இளைஞன்.

"அவரோட பொண்ணு. அன்னைக்கு வீட்டுல இருந்தது நான்தான். அந்த அக்கா என்கிட்ட சொல்லிட்டுத்தான் போனாங்க." அவள் நிதானமாகப் பேசினாள்; பதிவாகும் குரல் அது, தெளிவாக இருக்க வேண்டும். "எங்கப்பாவுக்குப் பேச்சு வராது. ஏதாவது வேணும்னா டிவி சத்தத்தை ஏத்துவார். அன்னைக்கும் ஏத்துனார். எனக்குக் கேட்டுச்சு. நான் ஒரு கஸ்டமர்கிட்ட பேசிக்கிட்டு இருந்தேன். பக்கத்து ரூம்ல இருந்தபடியே என் போன்ல சத்தத்தைக் குறைச்சேன். மறுபடி ஏத்துனார். மறுபடி குறைச்சேன். அவர் நிறுத்துற வரைக்கும் குறைச்சேன்."

மறுமுனையில் விசைப்பலகைத் தட்டல் கேட்டுக்கொண்டிருந்தது, பிறகு நின்றது.

"மேடம்," என்றான் அந்த இளைஞன், குரலைத் தாழ்த்தி. "இதை நான் எந்த வகையில பதியறது?"

"பதிய வேண்டாம்."

"சார் சம்மதிக்கணும் மேடம். அவர் நம்பர்லதான் கால் வந்திருக்கு."

அண்ணன் மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். "சார், லைன்ல இருக்கீங்களா?" என்று இரண்டுமுறை கேட்டது. அவன் கையை நீட்டி அழைப்பைத் துண்டித்தான்.

"என்கிட்ட இல்லன்னு சொன்னே," என்றான்.

"ஆமா."

அவன் எழுந்து முன்னறைக்குப் போனான். மெத்தை எடுத்த வெறும் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். அவள் அறை வாசலில் நின்றாள், உள்ளே போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவன் பையை எடுத்து மேசையில் வைத்து, மாற்றுச் சட்டையை மடித்து வைத்தான், சார்ஜரைச் சுற்றி வைத்தான். திங்கட்கிழமை போவதாக இருந்தவன். வெளியே போகும்போது, "மாத்திரையெல்லாம் மேல் தட்டுல இருக்கு. கடையில கேட்டா திருப்பி எடுத்துப்பாங்க," என்றான்.

அவன் இறங்கிப் போகும் சத்தம் ஓய்ந்த பிறகுதான் நர்ஸக்கா அடுக்களையைவிட்டு வந்தார். டப்பாவையும் துணிப்பையையும் நெஞ்சோடு அணைத்திருந்தார். "வரேம்மா," என்றார். வாலு தலையாட்டினாள். வாசலில் செருப்பை மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு, ஒரு மாடி இறங்கிய பிறகே அவர் மாட்டிக்கொண்டார்.

புகார் எதுவும் பதிவாகவில்லை. அடுத்த வாரம் ஏஜென்சி நர்ஸக்காவை, முதுகில் அடிபட்டுப் படுத்திருந்த ஒரு பெண்ணின் வீட்டுக்கு அனுப்பியது. வாலு வேலைக்குத் திரும்பினாள். அந்த மாத மதிப்பீட்டில் பின்னணிச் சத்தத்துக்கான பகுதியில் அவளுக்கு முழு மதிப்பெண் போட்டிருந்தார்கள்.